பாரிஸில் எங்கே வீடு எடுப்பது? லா சப்பல், தொண்ணூற்று மூன்று, மேற்கு, மார்ன்-லா-வலே: ஓர் ஒப்பீடு

"அண்ணா, லா கூர்நெவில் மூன்று அறை வீடு வருகிறது, எடுக்கலாமா? பிள்ளைக்கு ஏழு வயது." "தொண்ணூற்று மூன்றில் இருந்தால் பிள்ளைகள் கெட்டுப்போய்விடும் என்று மாமா சொல்கிறார், உண்மையா?" "வேர்சாய் பக்கம் வாடகை கட்ட முடியாமல் இல்லை, ஆனால் அங்கே பேச்சுத்துணைக்கு ஒரு தமிழ் ஆள் இல்லையே?" இப்படித்தான் கேள்விகள் வருகின்றன. (தொண்ணூற்று மூன்று என்பது பாரிஸை வடகிழக்கில் ஒட்டியிருக்கும் சேன்-சான்-தெனி மாவட்டத்தின் எண்.) ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லிக் களைத்துவிட்டதால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைக்கிறேன். பிள்ளைகளோடு இருக்கும் குடும்பங்களுக்கானது இது. தனியாள் என்றால் வேலைத்தலத்துக்குப் பக்கத்தில் கிடைக்கிற அறையை எடுங்கள், இவ்வளவு யோசிக்கத் தேவையில்லை.

பிரான்சில் அரசு உங்கள் இனத்தைக் கேட்பதில்லை. பிறப்பிடம், இனம், மதம் பார்க்காமல் எல்லாக் குடிமக்களும் சட்டத்தின் முன் சமம் என்று 1958 அரசியல் சட்டத்தின் முதல் பிரிவே சொல்கிறது. பிரிட்டனில் இருப்பதுபோல மக்கள் கணக்கெடுப்புப் படிவத்தில் 'ஆசியர், கறுப்பர்' என்ற கட்டங்கள் இங்கே கிடையாது, 2007-இல் அரசியல் சட்ட மன்றமும் அந்த வழியை அடைத்துவிட்டது. ஆனால் அரசு கேட்காததை முகவரி சொல்லிவிடும். அஞ்சல் குறியீட்டின் முதல் இரண்டு இலக்கங்களைப் பார்த்ததுமே, அதாவது மாவட்ட எண், 75-ஆ (பாரிஸ் நகரம்), 92-ஆ (மேற்குப் புறநகர்), 93-ஆ என்பதை வைத்து, வீட்டு முகவரும் வேலை கொடுப்பவரும் உங்கள் வர்க்கத்தையும் பெரும்பாலும் உங்கள் நிறத்தையும் ஊகித்துவிடுவார்கள். வசிப்பிடத்தை வைத்துப் பாகுபாடு காட்டுவதை 2014-இல் சட்டம் தனியாகத் தடைசெய்தது. நடக்காத விஷயத்துக்கு யாரும் சட்டம் போடமாட்டார்கள்.

## எதை வைத்து எடைபோடுவது

நம் ஆட்கள் வழக்கமாகப் பார்ப்பது இரண்டு: வாடகை எவ்வளவு, தமிழ்க்கடை எவ்வளவு தூரம். இரண்டும் முக்கியம்தான், ஆனால் என் கணக்கில் இவை மூன்றாவது, நான்காவது இடத்தில்தான் வரும்.

பள்ளி. முதலிடம் இதற்குத்தான், அதிலும் ஆரம்பப் பள்ளியைவிடக் கொலேஜ், அதாவது பதினொரு வயதிலிருந்து பதினைந்து வரை போகும் பள்ளி. அரசுப் பள்ளியில் இடம் முகவரியின்படிதான். 1963-இல் தொடங்கிய இந்தப் பள்ளி வரைபட முறை 2007-இல் கொஞ்சம் தளர்ந்தது, ஆனாலும் அடிப்படை மாறவில்லை. ஊர் என்ன என்பதல்ல கணக்கு, தெரு என்ன என்பதுதான். ஒரே ஊரில் தெருவின் ஒற்றை எண் வீடுகள் ஒரு கொலேஜுக்கும் இரட்டை எண் வீடுகள் இன்னொன்றுக்கும் போவது சாதாரணம். பெற்றோரின் தொழில், படிப்பை வைத்து ஒவ்வொரு பள்ளிக்கும் கல்வி அமைச்சு போடும் சமூக நிலைக் குறியீடு ஒன்று உண்டு. பல காலம் உள்ளேயே வைத்திருந்தார்கள், ஒரு பத்திரிகையாளர் நீதிமன்றம் போய் வென்றபின் 2022 முதல் எல்லோரும் பார்க்கலாம். சராசரி 100-ஐ ஒட்டி இருக்கும், எண் கூடினால் வசதியான குடும்பங்கள் அதிகம் என்று பொருள். வீடு பார்க்கப் போகும் முன் அந்தத் தெருவின் கொலேஜுக்கு இந்த எண் என்ன என்று பாருங்கள். பிரெஞ்சு நடுத்தர வர்க்கத்தினர் எல்லோரும் பார்க்கிறார்கள், வெளியே சொல்லமாட்டார்கள், அவ்வளவுதான்.

இரவு வீடு திரும்புவது. உணவக சமையலறையில் வேலை செய்பவர்கள் நம்மில் எத்தனை பேர் என்று சொல்லத் தேவையில்லை. பாத்திரம் கழுவி, அடுப்பு துடைத்து, வெளியே வர நள்ளிரவு. மெட்ரோ வார நாட்களில் சுமார் ஒன்றேகால் மணிவரை, வெள்ளி, சனியில் இரண்டேகால்வரை. அதைத் தவறவிட்டால் நொக்திலியன் இரவுப் பேருந்துதான், அதில் வீடு போய்ச் சேர விடிந்துவிடும். பகல் பயணச் செலவில் வித்தியாசம் இல்லை: 2015 முதல் நவிகோ மாத அட்டை எல்லா வலயத்துக்கும் ஒரே விலை, 2025-இல் 88.80 யூரோ, பாதியை முதலாளி தரவேண்டும். ஆகவே தூரம் பணத்தைத் தின்னாது, நித்திரையைத்தான் தின்னும்.

வாடகைக்கு வெளியே போகும் பணம். வீட்டு வரி, கட்டடப் பராமரிப்புக் கட்டணம், பள்ளி கன்டீன், கார்.

பிரெஞ்சு மொழி. 2026 ஜனவரி முதல் பத்து வருட வதிவிட அட்டைக்கு பிரெஞ்சில் பி1 (நடுத்தர நிலை), குடியுரிமைக்கு பி2 (அதற்கு அடுத்த நிலை) வேண்டும். வீட்டில் தமிழ், வேலையில் தமிழ், கடையில் தமிழ் என்று பத்து வருடம் ஓட்டியவர்கள் இப்போது விழிக்கிறார்கள். தமிழ்ச் சூழலுக்கு நடுவே இருப்பதன் மறைமுக விலை இது, வாடகை ரசீதில் எழுதியிருக்காது.

பாதுகாப்பு என்று தனியாக ஒன்றைச் சேர்க்கவில்லை. அது தெருவுக்குத் தெரு மாறும். இரவு பத்து மணிக்கு ஒருமுறை அந்த ஸ்டேஷனில் இறங்கி வீட்டு வாசல்வரை நடந்து பாருங்கள், அதைவிட நல்ல ஆய்வு இல்லை.

அவசரக்காரர்களுக்கு ஓர் அட்டவணை:

| | வாடகை | கொலேஜ் | இரவுப் பயணம் | தமிழ்ச் சூழல் | மறைந்திருக்கும் செலவு |
|---|---|---|---|---|---|
| பாரிஸ் 10, 18-ஆம் வட்டாரங்கள் | மிக அதிகம் | கலவை, தெருவைப் பொறுத்து | மிகச் சுலபம் | கடைவீதியே இங்கேதான் | இடநெருக்கடி |
| தொண்ணூற்று மூன்று | குறைவு | பலவீனம், விதிவிலக்கு உண்டு | மெட்ரோ 7 என்றால் சுலபம் | மிக அதிகம் | வீட்டு வரி, முகவரியின் பெயர் |
| மேற்கு (92, 78) | அதிகம் | வலுவானது | ஊரைப் பொறுத்து | அனேகமாக இல்லை | தனிமை, பழக்கவழக்கச் செலவு |
| மார்ன்-லா-வலே (77) | நடுத்தரம் | நடுத்தரம், நல்லது | கடினம் | வளர்ந்து வருகிறது | கார் |
| வெளியூர் (ரென் போன்றவை) | குறைவு | நல்லது | ஊர் சிறியது | மிகக் குறைவு | வேலை வகை |

## பாரிஸ் நகரத்துக்குள்: லா சப்பல் பக்கம்

கார் து நோர் ஸ்டேஷனிலிருந்து ஃபோபூர் சான்-தெனி வீதியில் வடக்கே நடந்தால் கறிவேப்பிலை, முருங்கைக்காய், நகைக்கடை, சாரிக்கடை எல்லாம் வரிசையாக வரும். அங்கிருந்து ஸ்டேஷனுக்குப் பின்புறம் 18-ஆம் வட்டாரத்துக்குப் போனால் மாணிக்க விநாயகர் ஆலயம், கோடை முடிவில் தேர், வீதி முழுக்கச் சிதறு தேங்காய். இதையெல்லாம் பார்த்துவிட்டு 'பாரிஸ் தமிழர்கள் லா சப்பலில் வாழ்கிறார்கள்' என்று எழுதுபவர்கள் இருக்கிறார்கள். வாழ்வதில்லை. கடை அங்கே, வீடு வேறெங்கோ. சனிக்கிழமை பின்னேரம் ஸ்டேஷன் படிக்கட்டில் சாமான் பைகளோடு இறங்கும் கூட்டம் எந்த ரயிலுக்குப் போகிறது என்று பாருங்கள், புறநகருக்குத்தான்.

நகரத்துக்குள் சதுர மீட்டர் விலை 9,000 யூரோவைத் தாண்டுகிறது. 2019 முதல் வாடகைக்கு உச்சவரம்பு இருக்கிறது, இருந்தும் நான்கு பேர் குடும்பத்துக்கு இரண்டு அறை வீடு எடுத்தாலே ஒரு சம்பளம் போய்விடும். மலிவாகக் கிடைப்பது பழைய வேலைக்காரி அறை: பணக்காரர் கட்டடத்தின் ஆறாம் மாடியில், பின்பக்கப் படிக்கட்டு வழியாக ஏறிப் போகும், கழிவறை வெளியே இருக்கும் அறை. ஒன்பது சதுர மீட்டருக்குக் குறைந்த அறையைப் பொதுவாகச் சட்டப்படி வாடகைக்கு விட முடியாது என்பது தெரிந்திருக்கட்டும். ஒரே கட்டடத்தில் இரண்டாம் மாடியில் முதலாளி, கீழ்த்தளத்தில் காவலாளி, கூரைக்கடியில் வேலையாட்கள் என்று 19-ஆம் நூற்றாண்டு பாரிஸ் வர்க்கங்களை மாடி மாடியாக அடுக்கியது. லிஃப்ட் வந்தபின் மேல்மாடிக்கு மதிப்பு ஏறிவிட்டது, ஏழைகள் பக்கவாட்டில் புறநகருக்கு நகர்ந்தார்கள்.

யாருக்குப் பொருந்தும்: கணவன் மனைவி இருவரும் இரவு வேலை, ஒரு பிள்ளை, அல்லது பிள்ளை இன்னும் இல்லை. நகரசபையின் சமூக வீடு (அரசு உதவியோடு குறைந்த வாடகைக்கு விடும் வீடு) கிடைத்துவிட்டால் இரண்டாவது யோசனையே வேண்டாம், எடுத்துவிடுங்கள்.

## தொண்ணூற்று மூன்று: லா கூர்நெவ், லெ பூர்ஜே, திரான்சி, ஓல்னே

இதைப் பற்றித்தான் கேள்விகளில் முக்கால்வாசி, ஆகவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பாரிஸின் வடக்கும் கிழக்கும் ஏன் ஏழை, மேற்கு ஏன் பணக்காரப் பகுதி என்றால், காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து கிழக்குக்கு வீசுகிறது, ஆலைப் புகை போகாத பக்கம் பணக்காரர் வீடு கட்டினார்கள் என்று ஒரு விளக்கம் சொல்வார்கள். அரசர்கள் வேர்சாயில் இருந்தது இன்னொரு காரணம். எப்படியோ, சான்-தெனி சமவெளியில் ஆலைகள் வந்தன, தொழிலாளர் வந்தார்கள், கம்யூனிஸ்ட் மேயர்கள் வந்தார்கள். மேற்குப் பிரான்சின் பிரித்தானிப் பகுதி விவசாயிகள், பிறகு இத்தாலியர், ஸ்பானியர், போர்த்துக்கீசர், அல்ஜீரியர், மாலி நாட்டவர், நாம். 93 என்ற எண்ணுக்கே ஒரு கதை இருக்கிறது: அல்ஜீரியா பிரான்சின் பகுதியாக இருந்தபோது அது கொன்ஸ்தந்தீன் மாவட்டத்தின் எண். 1962-இல் அல்ஜீரியா விடுதலை அடைந்தது, காலியாகக் கிடந்த எண் 1968-இல் இந்தப் புதிய மாவட்டத்துக்கு வந்தது. இன்று கடல்கடந்த பகுதிகள் நீங்கலான பிரான்சில் வறுமை விகிதம் மிக அதிகமான மாவட்டம் இதுதான், நான்கு பேரில் ஒருவருக்கு மேல் வறுமைக் கோட்டுக்குக் கீழே.

சாதகங்களை முதலில் சொல்லிவிடுகிறேன். சதுர மீட்டர் விலை பாரிஸில் பாதிகூட இல்லை. மெட்ரோ 7 லா கூர்நெவில்தான் முடிகிறது, ஓபெராப் பக்கத்து உணவகத்தில் வேலை செய்பவர் மாறி ஏறாமல் வீடு வரலாம். கோயில், தமிழ் வகுப்பு, பரதநாட்டியம், நடுஇரவில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் கதவைத் தட்ட ஒரு வீடு. 2021 முதல் லா கூர்நெவ், சான்-தெனி உள்ளிட்ட ஊர்களின் பிளேன் கொம்யூன் கூட்டமைப்பில் வாடகை உச்சவரம்பும் இருக்கிறது, ஆனால் பக்கத்திலேயே உள்ள லெ பூர்ஜே, திரான்சி அந்தக் கூட்டமைப்பில் இல்லை, அதைப் பலர் கவனிப்பதில்லை.

பள்ளி விஷயத்தில் நம் ஆட்கள் தலைகீழாகப் பயப்படுகிறார்கள். ஆரம்பப் பள்ளிக்குப் பயந்து ஓடத் தேவையில்லை. முன்னுரிமைக் கல்வி வலயத்தில் முதலாம், இரண்டாம் வகுப்புகளை 2017 முதல் பன்னிரண்டு பிள்ளைகள் அளவுக்குப் பிரித்துவிட்டார்கள். வீட்டில் பிரெஞ்சு பேசாத பிள்ளைக்கு அது பெரிய வரம். நல்ல ஊரில் இருபதுக்கும் மேற்பட்ட பிள்ளைகளோடு வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருப்பதைவிட இங்கே வாசிக்கக் கற்றுக்கொள்ளும். சிக்கல் கொலேஜில் வருகிறது. ஆசிரியர்கள் இளையவர்கள், நிலைப்பதில்லை, ஒருவர் விடுப்பில் போனால் மாற்று ஆள் வர வாரக்கணக்காகும், மாதக்கணக்கும் ஆகும். பாரிஸில் மிகக் குறைவாக நிதி பெறும் பள்ளிகூட 93-இல் மிக அதிகமாக நிதி பெறும் பள்ளியைவிட அதிகம் பெறுகிறது என்று 2018-இல் ஒரு பாராளுமன்ற அறிக்கையே எழுதியது. அனுபவமுள்ள ஆசிரியருக்குச் சம்பளம் அதிகம், அவர்கள் பாரிஸில் இருக்கிறார்கள், காரணம் அவ்வளவுதான். 2019-இல் அரசு என்ன செய்தது தெரியுமா, இந்த மாவட்டத்தில் ஐந்து வருடம் தங்கும் அரசு ஊழியருக்கு 10,000 யூரோ ஊக்கத்தொகை என்று அறிவித்தது. தங்குவதற்கே காசு கொடுக்கவேண்டிய இடம் என்று அரசே எழுதிக் கொடுத்த மாதிரி.

இங்கே வழி இல்லாமல் இல்லை. விதிவிலக்கு கேட்டு விண்ணப்பிக்கலாம், உதவித்தொகை பெறும் குடும்பத்துக்கு முன்னுரிமை உண்டு. இசை வகுப்பு உள்ள கொலேஜ், இரண்டு மொழி வகுப்பு உள்ள கொலேஜ் என்று கேட்டுப் போகலாம். பிரெஞ்சு நடுத்தர வர்க்கப் பெற்றோர் பிள்ளைக்கு ஜெர்மன் மொழியின் மேல் திடீரென்று காதல் வருவது ஏன் என்று நினைக்கிறீர்கள்? ஜெர்மன், லத்தீன் எடுக்கும் பிள்ளைகளை ஒரே வகுப்பில் போடும் வழக்கம் பல பள்ளிகளில் இருந்தது, அந்த வகுப்பில் யார் யார் இருப்பார்கள் என்பது அவர்களுக்குத் தெரியும். அப்புறம் ஒப்பந்தத் தனியார் பள்ளி. 1959 சட்டத்தின்படி ஆசிரியர் சம்பளத்தை அரசு கொடுக்கிறது, பெரும்பாலும் கத்தோலிக்கப் பள்ளிகள், ஆனால் எந்த மதப் பிள்ளையையும் சேர்க்கவேண்டும். பல பள்ளிகள் வருமானத்துக்கு ஏற்பக் கட்டணம் வாங்குகின்றன. 93-இலேயே முஸ்லிம், சைவப் பிள்ளைகள் நிறையப் படிக்கும் கன்னியாஸ்திரிப் பள்ளிகளைப் பார்க்கலாம். இங்கே இருந்துகொண்டே பிள்ளையைப் படிக்க வைத்த குடும்பங்கள் பெரும்பாலும் இந்த வழியில்தான் செய்தன.

மறைந்திருக்கும் செலவில் முதலாவது வீட்டு வரி. வாங்குபவர்கள் கவனியுங்கள்: ஏழை ஊர்களில் வரி விகிதம் அதிகம், பணக்கார ஊர்களில் குறைவு. அலுவலகங்கள் நிறைந்த ஊருக்கு வருமானம் தானாக வரும், 93-இன் ஊர்களுக்கு வராது. பாரிஸ் 2023-இல் 13.5 சதவீதத்திலிருந்து 20.5-க்கு ஏற்றியபோது பெரிய கூச்சல் எழுந்தது. 93-இன் பல ஊர்களில் அதைவிட இரண்டு மடங்கு விகிதம் பழைய கதை. அடுத்தது பழைய அடுக்குமாடிகளின் பராமரிப்புக் கட்டணம். மலிவாக இருக்கிறதே என்று வாங்கி, கூட்டு உரிமைக் கட்டடத்தின் கடனைத் தலையில் சுமப்பவர்கள் உண்டு, ஆகவே கடைசி மூன்று பொதுக்கூட்ட அறிக்கையைக் கேட்டு வாங்கிப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். 16-ஆம் இலக்க மெட்ரோ வரப்போகிறது, விலை ஏறும் என்று முகவர் சொல்வார். பாதை வருவது உண்மை, தேதி மட்டும் தள்ளிக்கொண்டே போகிறது.

தொலைக்காட்சியில் 93 என்றாலே எரியும் கார்தான். 2005 அக்டோபரில் கிளிஷி-சூ-புவாவில் போலீசுக்குப் பயந்து மின்நிலையத்துக்குள் ஓடிய இரண்டு பையன்கள் இறந்தபின் நாடு முழுக்கக் கலவரம். அந்த ஊருக்கு ட்ராம் வண்டி வந்தது 2019 கடைசியில்தான். கலவரத்தைக் காட்டிய கேமராக்கள் அதைக் காட்டினவா என்று கேட்காதீர்கள்.

பக்கத்து 95 மாவட்டத்தின் தென்மூலை, அதாவது சார்செல், கார்ஜ், வில்லியே-லெ-பெல், இதே கணக்குத்தான். சார்செலில் வட ஆப்பிரிக்காவிலிருந்து வந்த யூதர்கள், துருக்கியிலிருந்து வந்த கல்தேயக் கிறிஸ்தவர்கள், அன்டில்லீஸ் தீவினர், நம்மவர் எல்லோரும் உண்டு. பாண்டிச்சேரித் தமிழர்கள் பலரும் இந்தப் பக்கம்தான். 1962-இல் பாண்டிச்சேரி சட்டப்படி இந்தியாவுக்குப் போனபோது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்டவர்களின் வழியினர்: ராணுவம், தபால், அரசு உத்தியோகம், கையில் பாஸ்போர்ட். 1983-க்குப் பின் அகதியாக வந்த ஈழத்தமிழர் சமையலறையிலிருந்து தொடங்கினார்கள். ஒரே படிக்கட்டில் இருவரும் எதிர்ப்பட்டால் தமிழில்தான் பேசுவார்கள், ஆனால் வங்கிக் கடன் கேட்கப் போகும்போது இருவர் கையிலும் உள்ள காகிதம் வேறு.

## மேற்கு: நெய்யி, புலோன், வேர்சாய், சான்-ஜெர்மன்

முதல் எச்சரிக்கை: 92, 78 என்ற எண்ணைப் பார்த்து ஏமாறாதீர்கள். 92-இல் நெய்யியும் உண்டு, ஜென்வில்லியேவும் உண்டு. 1960-களில் அல்ஜீரியத் தொழிலாளரின் தகரக் கொட்டகைகள் இருந்த நான்தேர் அதே மாவட்டம்தான். 78-இல் வேர்சாயும் உண்டு, த்ராப், மாந்த்-லா-ஜொலி போன்ற ஊர்களும் உண்டு. நான் இங்கே பேசுவது பணக்கார மேற்கு.

உள்ளே போவதே முதல் தடை. இந்த ஊர்கள் ஒவ்வொன்றும் 25 சதவீதம் சமூக வீடு வைத்திருக்கவேண்டும் என்று சட்டம் (2000-இல் 20, 2013-இல் 25 ஆக்கினார்கள்). நெய்யியில் பத்து சதவீதம்கூட இல்லை. அபராதம் கட்டிக்கொண்டு காலத்தை ஓட்டுகிறார்கள். 1983 முதல் 2002 வரை அங்கே மேயராக இருந்தவர் பிறகு ஜனாதிபதியான சார்கோசி. அவரேதான் 2005-இல் உள்துறை அமைச்சராக லா கூர்நெவுக்குப் போய், அந்தக் குடியிருப்பைப் பீச்சுக்குழாய் போட்டுக் கழுவிச் சுத்தம் செய்வேன் என்றார். ஆகவே சமூக வீட்டு விண்ணப்பத்தில் இந்த ஊர்களை எழுதிவிட்டுக் காத்திருப்பது வீண். உங்கள் முதலாளி வழியாகவும் சமூக வீடு கேட்கலாம், அந்த வழியில் எப்போதாவது ஒரு வீடு கிடைக்கும்.

தனியார் வாடகை என்றால், வாடகையின் மூன்று மடங்கு சம்பளம், நிரந்தர ஒப்பந்தம், உத்தரவாதம் தர ஆள். எனக்கு நடந்தது: போனில் பெயர் சொல்லும்வரை வீடு இருந்தது, பெயரை ஒவ்வோர் எழுத்தாகச் சொல்லி முடித்ததும் 'இப்போதுதான் ஒருவர் எடுத்துவிட்டார்' என்றார்கள். மறுநாள் அலுவலகத் தோழன், பிரெஞ்சுப் பெயர்க்காரன், கேட்டபோது வீடு மறுபடி காலியாகிவிட்டது. வங்கிக் கணக்கு விவரத்தைக் கேட்க முகவருக்கு உரிமை கிடையாது, கேட்டால் கொடுக்காதீர்கள். உத்தரவாத ஆள் இல்லையென்றால் விசால் என்ற இலவச உத்தரவாதத்துக்குத் தகுதி இருக்கிறதா என்று பாருங்கள்.

சரி, நுழைந்துவிட்டீர்கள். பள்ளி அருமை. ஆசிரியர் வருவார், தலைமையாசிரியர் பெற்றோரின் மின்னஞ்சலுக்குப் பயப்படுவார். பிறகு தொடங்கும் செலவை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. புதன்கிழமை டென்னிஸ், இசைப்பள்ளி, பிறந்தநாள் விருந்துக்கு அழைத்தால் திருப்பி அழைக்கவேண்டும், அழைக்க வீட்டில் இடம் வேண்டும். பிப்ரவரி விடுமுறை முடிந்து வந்தால் வகுப்பில் பேச்சு முழுக்கப் பனிச்சறுக்கு. 'நீ எங்கே போனாய்' என்று பிள்ளையைக் கேட்பார்கள், கேட்பவர்களுக்குக் கெட்ட எண்ணம் இருக்காது, அதுதான் கஷ்டம். இங்கே பணத்தைக் காட்டிக்கொள்வது மரியாதையல்ல. பழைய காலணி, கசங்கிய கோட்டு, ஆனால் எந்த நாடகம், எந்தக் கண்காட்சி, எந்தக் கிராமத்தில் தாத்தாவின் வீடு என்ற பேச்சில் ஆளை அளந்துவிடுவார்கள். வாசலில் 'போன்ஜூர் மதாம்' சொல்லாமல் நேரே விஷயத்துக்கு வந்தீர்களோ, முடிந்தது. மேல்தட்டுக் குடும்பத் தாய்மார் பட்டியல் போட்டுத் தங்கள் பிள்ளைகளுக்காக நடத்தும் நடன விருந்துகளும் உண்டு, தங்கள் வட்டத்துக்குள்ளேயே பழகிக் கல்யாணம்வரை போகட்டும் என்பது உள்நோக்கம். நம் சாதிக் கல்யாணத் தரகர்கள் பார்த்தால் பொறாமைப்படுவார்கள். அதற்கு உங்களை அழைக்கமாட்டார்கள், அழைக்கவில்லை என்று வருந்தவும் வேண்டாம்.

சைவக் குடும்பங்களுக்கு ஒரு சின்ன விஷயம். பள்ளி கன்டீனில் வாரம் ஒரு சைவ உணவு 2019 முதல் கட்டாயம். மற்ற நாட்களில் இறைச்சி இல்லாத தட்டு தருவதா இல்லையா என்பது நகரசபையின் விருப்பம். வீடு எடுக்கும் முன் நகரசபையில் கேட்டுவிடுங்கள்.

யாருக்குப் பொருந்தும்: இருவரும் அலுவலக வேலை, நல்ல பிரெஞ்சு, லா தெஃபான்ஸ் பக்கம் கணினி நிறுவனம். பெற்றோருக்குப் பிரெஞ்சு தடுமாற்றம் என்றால், பள்ளி எவ்வளவு நன்றாக இருந்தாலும் பிள்ளை வீட்டில் மொழிபெயர்ப்பாளராகவும் வெளியில் விருந்தாளியாகவும் வளரும். அதை யோசித்துவிட்டுப் போங்கள்.

## மார்ன்-லா-வலே: தோர்சி, புஸ்ஸி-சான்-ஜோர்ஜ்

என்னைக் கேட்டால் இப்போது குடும்பங்களுக்கு அதிகம் பொருந்துவது இந்தப் பக்கம். 1970-களில் பாரிஸுக்குக் கிழக்கே அரசு திட்டம் போட்டுக் கட்டிய புதிய நகரம், 1992-இல் டிஸ்னிலாந்து திறந்தபோது ஆர்இஆர் புறநகர் ரயிலின் 'ஆ' பாதையும் அதுவரை நீண்டது. பழைய பணக்காரரும் இல்லை, பழைய ஆலைத் தொழிலாளரும் இல்லை, எல்லோரும் வந்தவர்கள் என்பதால் 'நீங்கள் எங்கிருந்து' என்ற கேள்வி இங்கே உறைக்காது. பாரிஸ் 13-ஆம் வட்டாரத்து உயர்ந்த கோபுரங்களில் 1975-க்குப் பின் குடியேறிய வியட்நாம், கம்போடிய, லாவோஸ் அகதிகள் கொஞ்சம் காசு சேர்ந்ததும் இந்தப் பக்கம் வந்தார்கள். புஸ்ஸியில் புத்த கோயில்கள், மசூதி, யூதர் ஆலயம் எல்லாவற்றுக்கும் ஒரே சதுக்கத்தில் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். நம்மவரும் அதே பாதையில், இருபது வருடம் பின்னால் வந்துகொண்டிருக்கிறார்கள்.

பள்ளிகள் கலவையானவை, அந்தக் கலவைதான் நல்லது. குறை இரண்டு. நள்ளிரவில் வேலை முடிபவருக்கு இது நரகம், அதுவும் இரவுப் பராமரிப்புக்காக ரயிலை நிறுத்தும் காலங்களில். அடுத்தது கார். ஒன்று கட்டாயம், இருவர் வேலைக்குப் போனால் இரண்டு. காப்புறுதி, எரிபொருள், தரிப்பிடம் என்று கூட்டினால், 93-ஐவிட இங்கே வாடகை எவ்வளவு கூடுதல் என்று கணக்குப் போட்டவர் அதோடு இதையும் சேர்க்கவேண்டும்.

## வெளியூர்

சுருக்கமாக. பிரித்தானிப் பகுதியின் ரென் நகருக்குப் பாரிஸிலிருந்து 2017 முதல் டிஜிவி அதிவேக ரயிலில் ஒன்றரை மணிநேரத்துக்கும் குறைவு, வாடகை பாரிஸைவிட வெகு குறைவு, சமூக வீடுகளை ஊர் முழுக்கப் பரப்பி வைத்திருக்கிறார்கள். பிரித்தானிப் பகுதியில் பத்தில் நான்கு பிள்ளைகள் தனியார் கத்தோலிக்கப் பள்ளியில், அது அங்கே பணக்காரத்தனம் அல்ல, வழக்கம். அலுவலக வேலை, மருத்துவமனை வேலை உள்ளவர்கள் தயங்காமல் போகலாம். தமிழ் உணவகத்தில் வேலை, விசாப் பத்திரம் இன்னும் முடியவில்லை, வழக்கறிஞர் பாரிஸில் என்ற நிலையில் இருப்பவர்கள் இப்போது போகாதீர்கள்.

## பிள்ளையின் வயதை வைத்து முடிவெடுப்பது

பிள்ளைக்கு ஆறு வயதுக்குள் என்றால் 93-இல் இருங்கள், வேறிடம் போய்த் தனியாக மாட்டிக்கொள்வதைவிட அது நல்லது. அங்கிருந்தே பிரெஞ்சு வகுப்புக்குப் போய் உங்கள் பி1-ஐ முடியுங்கள், காசு சேருங்கள். ஒன்பது பத்து வயதில் திரும்ப உட்கார்ந்து கணக்குப் பாருங்கள்: உங்கள் தெருவின் கொலேஜ் சரியா, இல்லையென்றால் தனியார் பள்ளியா, கிழக்கே நகர்வதா. லிசே, அதாவது கொலேஜுக்கு அடுத்த மேல்நிலைப் பள்ளி வயதில் பிள்ளை இருந்தால் நகர்த்தாதீர்கள், நண்பர்களைப் பிரித்து எடுத்துப்போய்ப் புதிய இடத்தில் நட்டால் நட்டம்தான் அதிகம்.

இதில் ஓர் உறுத்தல் இருக்கிறது, மறைக்க விரும்பவில்லை. கையில் நாலு காசு சேர்ந்ததும் எல்லோரும் கிளம்பிப் போவதால்தான் அந்தக் கொலேஜின் எண் ஏறுவதே இல்லை. போனவர்களின் இடத்துக்குப் புதிதாக வந்த ஏழைக் குடும்பம் வருகிறது, புள்ளிவிவரத்தில் ஊர் அப்படியே நிற்கிறது. ஒவ்வொரு குடும்பத்துக்கும் சரியான முடிவு ஊருக்குச் சரியில்லாததாக இருக்கிறது, அதற்காக உங்கள் பிள்ளையை வைத்துச் சோதனை செய்யுங்கள் என்று நான் யாரிடமும் சொல்லமாட்டேன். நகராமல் அங்கேயே நின்று பெற்றோர் சங்கத்தில் சேர்ந்து, ஆசிரியர் வரவில்லை என்று கல்வி அலுவலக வாசலில் போய் நின்ற தாய்மாரையும் பார்த்திருக்கிறேன், அவர்களில் நம்மவர் குறைவு.

நகர்வதென்று முடிவானால் தேதிகளைக் குறித்துக்கொள்ளுங்கள். கொலேஜ் இடம் ஆரம்பப் பள்ளியின் கடைசி வருடம் வசந்தகாலத்தில் முகவரியைப் பார்த்துத்தான் தீர்மானமாகிறது, ஆகவே புதிய வீட்டின் மின்கட்டண ரசீது அதற்கு முன்பே உங்கள் பெயரில் இருக்கவேண்டும். தளபாடம் இல்லாத வாடகை வீடு என்றால் பாரிஸ் போன்ற நெருக்கடி வலயத்தில் வெளியேற ஒரு மாத முன்னறிவிப்பு போதும், மூன்று மாதம் என்று வீட்டுக்காரர் சொன்னால் நம்பாதீர்கள், ஆனால் பதிவுத் தபாலில் அனுப்பும் கடிதத்தில் நெருக்கடி வலயம் என்று நீங்களே குறிப்பிட்டிருக்கவேண்டும். சமூக வீட்டு விண்ணப்பம் போட்டிருந்தால் வருடா வருடம் புதுப்பிக்க மறக்காதீர்கள், முகவரி மாறினால் அதிலும் மாற்றுங்கள். ஒரு வருடம் தவறினால் விண்ணப்ப எண் ரத்தாகிவிடும், அதுவரை காத்திருந்த வருடங்களும் கணக்கில் வராது.